கப்பல் என்று சொன்னது யார்?

அருள்ராஜ் சார் போய்விட்டார். காலையில் தேசிங்குதான் போன் செய்தான்... ஹார்ட் அட்டாக். சேலையூர் வீட்டில், சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாராம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். திருமுடிவாக்கம் எஸ்டேட்டில் எங்கள் சின்ன ஒர்க்‌ஷாப்பில் க்வாலிட்டி இன்சார்ஜ். அவர் கையெழுத்து இல்லாமல் ஒரு ஜாப் வெளியே போகாது. நான் அங்கே டிராயிங் செக்‌ஷன்.

ஆனால் மனுஷனுக்கு உயிர் என்னவோ போர் விமானங்களும் கப்பல்களும்தான். ஞாயிற்றுக்கிழமை தாம்பரம் ப்ரவுசிங் சென்டரில் பிரிண்ட் எடுத்து, திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டேபிளில் பரப்புவார். நம்ம சுகோய் பெரிசா, பாகிஸ்தானின் எஃப்-16 பெரிசா... சீனாக்காரன் கப்பலை ஏவுகணை தாக்க வந்தால் தடுக்க என்ன வைத்திருக்கிறான், நம் கப்பலில் என்ன இருக்கிறது...

அதில் ஒரு சட்டம் உண்டு. முதலில் எதிராளியிடம் இருக்கும் நல்லதையெல்லாம் சொல்லி முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நம்முடையது. யாருக்கும் விலக்கு கிடையாது.

லேத் ஆபரேட்டர் தேசிங்குவுக்கு மட்டும் இது ஆகவே ஆகாது. கோவளத்தில் மீன் பிடிக்கிற குடும்பம், கடல் என்றால் அவனுக்கு ரோஷம் வந்துவிடும். "இன்னா சார் நீ, நம்ம சோத்தத் துன்னுகினு அவன் ப்ளேனுக்கு சர்டிபிகேட் குடுத்துகினு கீற?"

"ஸ்பீடு, குண்டு எல்லாம் பேப்பர்ல யார் வேணா போடலாம் தேசிங்கு. ரிப்பேர் ஆனா ஸ்பேர் எங்கேர்ந்து வருது? நாளைக்குக் காலைல எத்தனை ப்ளேன் கிளம்பும்? அதைக் கேளு. அதுல அவன் நல்லா இருந்தா, நல்லா இருக்கான்னுதான் சொல்லணும்."

சொல்லிக்கொண்டே தேசிங்கு டப்பாவிலிருந்து ஒரு வஞ்சிரம் துண்டை எடுத்துக்கொள்வார். அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி கேட்க மாட்டார்.

அந்தப் பைத்தியம் எங்கள் எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. அதனால் வந்த கூத்துதான் இது.

மூன்று வருஷம் முன்பு ஒரு ஆர்டர் வந்தது. பைப்போடு பைப்பை இணைக்கிற ஃபிளாஞ்ச், இருநூறு பீஸ். எதற்கு என்று டிராயிங்கில் இல்லை. ஆனால் உப்புத் தண்ணீர் அரிக்காத ஸ்டீலில் கேட்டிருந்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? "சார், இது கண்டிப்பா போர்க்கப்பலுக்குத்தான்" என்றேன்.

சாயங்காலத்துக்குள் ஷாப் முழுக்கப் பரவிவிட்டது. தேசிங்கு லேத்துக்குப் பொட்டு வைத்துப் பூப் போட்டான். இரும்புத் துகள் குத்தும் என்று சொல்லியும் கேட்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு வேலை பார்த்தான்.

வழக்கமாகப் பத்துக்கு ஒன்று எடுத்துப் பார்க்கிற அருள்ராஜ் சார், இருநூறையும் அளந்தார். அளவு இவ்வளவு கூடலாம், குறையலாம் என்று டிராயிங் அனுமதித்த வித்தியாசத்தில் பாதியைத்தான் அவர் அனுமதித்தார். "நடுக்கடல்ல ஒழுகினா யாரைக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டு, பாதிக்கு மேல் சிவப்பு டேக் கட்டி ஒதுக்கிவிட்டார். மறுபடி செய்தோம். அதிலும் பாதி சிவப்பு.

டெலிவரி தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் ஆர்டர் கொடுத்தவர் நேரிலேயே வந்து கத்தினார். "போர்க்கப்பலா? ஊறுகாய் கம்பெனிக்கு சார் அது! மாங்கா லோடு லோடா வந்து நிக்குது!"

உப்பு என்றதும் எனக்குக் கடல்தான் தோன்றியது. ஊறுகாய் தோன்றவே இல்லை...

முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "கப்பல்னு கிளப்பி விட்டது யாரு? அவங்க இன்னையோட கிளம்பலாம்."

அப்போது அப்பாவுக்கு வேலை போயிருந்தது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. தேசிங்கு என்னைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நான்தான் சார். என் பைத்தியம்தான் உங்களுக்குத் தெரியுமே" என்றார் அருள்ராஜ் சார்.

அவரை அனுப்ப முதலாளிக்கு மனசு வரவில்லை. ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். அத்தனை வருஷம் கையெழுத்துப் போட்டவர், ஜன்னல் வழியாக நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நான் போய் முதலாளிகிட்ட சொல்லிடறேன் சார்" என்றேன் ஒரு நாள். "முதல்ல உனக்கு வேலை பர்மனென்ட் ஆகட்டும்மா" என்றார். ஆனது. நான் சொல்லவில்லை. அவரும் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

சிவப்பு டேக் கட்டியவை எல்லாமே டிராயிங்படி சரியான பீஸ்கள்தானே... சண்டை நடந்த அன்றைக்கே சேர்த்து அனுப்பிவிட்டோம். ஊறுகாய் கம்பெனியில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. நாலு மாதம் கழித்து அந்த மனிதரே அடுத்த ஆர்டரோடு வந்தார். போன தடவை செக் பண்ணவரே பண்ணணும் என்று கண்டிஷன் வேறு போட்டார்.

சார் பழைய சீட்டுக்கு வந்த அன்று, சாப்பாட்டு நேரத்தில் தேசிங்குவே டப்பாவை அவர் பக்கம் தள்ளினான். "சொல்லு சார், அவன்கிட்ட இன்னா நல்லது கீது?" சார் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

போன மாதம்தான் ரிடையர் ஆனார்.

முதலாளி, நீங்களும் என் ஃப்ரெண்ட்ஸ் லிஸ்ட்டில் இருக்கிறீர்கள், இந்தப் பதிவைப் பார்ப்பீர்கள். ஒன்றாம் தேதியிலிருந்து அவர் சீட்டில் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கப்பல் என்று சொன்னது நான். அவர் இல்லை.

ஒன்றாம் தேதி வந்து நிற்கிறேன் சார். சீட் உண்டா இல்லையா என்று நேரில் சொல்லுங்கள். எனக்கென்னவோ தருவீர்கள் என்றுதான் தோன்றுகிறது.

அருள்ராஜ் சார்... சொல்லிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.