வீட்டுக்குள் வரக்கூடாத ஓடு

மகள் பிறந்து நாற்பது நாள் ஆனபோது என் வலது கை நகங்களை ஒட்ட வெட்டிவிட்டேன். அதற்கு மூன்று நாள் முன்னால், பால் கொடுத்துவிட்டு அவளைத் தோளில் சாய்த்தபோது, என் கட்டைவிரல் நகம் அவள் கன்னத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டது. இரத்தம் வரவில்லை. ஆனாலும் எங்களோடு இருந்த என் கணவரின் அக்கா, வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாருக்கும் மூன்று நாள் அந்தக் கோட்டைக் காட்டினார்.

"பிள்ளை பெத்தவளுக்கு எதுக்கு நகம்? நீ பிள்ளைக்குத் தாயா, கித்தாருக்குத் தாயா?"

நான் கத்தரியைத் தேடி எடுத்தேன். அன்று அது சரியான காரியமாகத்தான் தெரிந்தது.

நான் கித்தார் படித்தது ஈப்போவில், மிஷன் பெண்கள் பள்ளியின் விடுதியில். கற்றுக்கொடுத்த வெள்ளைக்கார அம்மா எங்கள் நகங்களை அளந்து பார்ப்பார். உள்ளங்கையைத் திருப்பிப் பிடித்தால் விரல் நுனிக்கு மேலே ஓர் அரிசியின் அகலம் நகம் தெரிய வேண்டும். அதைவிடக் கூடினால் கீறும், குறைந்தால் நாதம் வராது. அப்போது கித்தாரில் ஆட்டுக் குடலில் முறுக்கிய நரம்புத் தந்திகள் இருந்தன. கல்யாணமாகி, என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக வேலை பார்க்கும் பீடோர் பக்கத்து ரப்பர்த் தோட்டத்துக்கு வந்தபின், இந்த ஈரத்தில் நரம்பு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. அவர் எஃகுத் தந்தி வாங்கி வந்து மாட்டினார். எஃகுத் தந்திக்கு நகமும் போதாது. நகமே இல்லாத விரலுக்கு அது பேசுவதே இல்லை.

அக்டோபரில் உபதேசியார் வந்தார். தோட்டத்துக் கோயிலில் ஞாயிறு ஆராதனை நடத்துபவர் அவர்தான். கோயில் ஆர்மோனியத்தின் துருத்தியை எலி கடித்துவிட்டதாகவும், பழுது பார்க்கப் பினாங்குக்கு அனுப்பியது கிறிஸ்மஸுக்குள் திரும்பாது என்றும் சொன்னார்.

"கிராணியாரம்மா, இந்த வருஷம் பாட்டுக்கு நீங்கதான். வேற யாரு இருக்கா?"

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஐந்து மாதக் குழந்தை இருக்கிறது, நகம் இல்லை, பழகி வருஷமாகிறது. மூன்று காரணமும் நாக்கு நுனி வரை வந்தன. "சரிங்கய்யா" என்றேன். மறுத்தால் படிச்ச திமிர் என்பார்கள். ஒப்புக்கொண்டால் வீட்டைக் கவனிக்காதவள் என்பார்கள். எது குறைந்த கெட்ட பெயர் என்று நின்ற இடத்திலேயே கணக்குப் போட்டேன். அந்தக் கணக்கு எனக்கு எப்போதும் தப்பாகத்தான் வரும்.

முதல் ஒத்திகையிலேயே தெரிந்துவிட்டது. கோயிலுக்குத் தகரக் கூரை. எண்பது பேர் பாடுவார்கள். நான் விரல் நுனியால் மீட்டியது இரண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லை. பின்பெஞ்சில் இருந்த பால்மரம் வெட்டுகிற பெண்கள் ஒவ்வோர் அடியிலும் அரை அடி பிந்தி வந்தார்கள். முன்வரிசை முடித்தபின் அவர்கள் தனியாக "அல்லேலூயா" சொன்னார்கள். பாட்டு முடிந்ததும் ஒரு பெண் என்னிடம், "அம்மா, இன்னைக்கு நீங்க வாசிக்கலியா?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்.

விரலுக்குப் பதிலாகப் பிடித்து மீட்டுகிற துண்டு ஒன்று உண்டு. விடுதிப் பெண்கள் நாங்கள் அதை நகம் என்றே சொல்வோம். அந்த நகம் எனக்கு வேண்டும். தோட்டத்தில் அது எங்கே கிடைக்கும்? கிடைத்ததை எல்லாம் வெட்டிப் பார்த்தேன்.

முதலில் கல்யாண அழைப்பிதழின் அட்டை. ஒரு பாட்டுக்கு நன்றாக இருந்தது. இரண்டாவது பாட்டில் நுனி பஞ்சு பஞ்சாகப் பிரிந்தது. அடுத்தது சிரட்டைத் துண்டு. அது தந்தியில் மாட்டிக்கொண்டு, விட மாட்டேன் என்று நின்றது. இழுத்து விட்டால் தந்தி ஓலமிட்டது. அதற்கு அடுத்து என் கணவரின் கோட்டுக் கழுத்துக்குள் வைக்கிற செல்லுலாயிட் பட்டை. விரிசல் விட்ட பழையதைத்தான் வெட்டினேன். அது மெல்லியது, வளைந்து கொடுக்கும். வேகமாக மீட்டினால் கை வலிக்காது. ஆனால் தந்தியின் ஒலிக்கு முன்னால் அதன் ஒலி கேட்கும். டிக், டிக் என்று.

"தையல் மெஷின் வாங்கியாச்சா?" என்றார் கணவர், திண்டாட்டம் புரியாமல்.

அப்புறம் ஆளாளுக்கு ரப்பர் கொண்டுவந்து கொடுத்தார்கள். புகைபோட்ட ஷீட்டில் ஒரு துண்டு, பால் வடிகிற மங்குக் கிண்ணத்தில் காய்ந்த பாலில் ஒரு துண்டு. இந்தத் தோட்டத்தில் மேஜை ஆடினாலும் ரப்பர், கதவு அடித்துக்கொண்டாலும் ரப்பர், கித்தார் கேட்காவிட்டாலும் ரப்பர். ரப்பரால் மீட்டினால் கித்தார் போர்வைக்குள் இருந்து பேசுவது போல இருந்தது. கையிலும் புகை நாற்றம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நவம்பரில் என் கணவருக்கு ஈப்போவில் வேலை இருந்தது. நானும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ரயிலேறினேன். அக்கா, "கைப்பிள்ளையோட அலையணுமா?" என்றார். அலைய வேண்டாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. ஆனாலும் போனேன்.

தந்தி விற்கிற கடை ஒரு முஸ்லிம் அண்ணனுடையது. செண்டுப் புட்டி, விசிறி, பிள்ளைகளின் கிலுகிலுப்பை, மாண்டலின் தந்தி எல்லாம் ஒரே கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும்.

"அண்ணே, நகம் இருக்கா?" என்றேன்.

"நகம் வெட்டுறதா? இருக்கே." ஒரு சின்னக் கத்தரியை எடுத்து வைத்தார்.

"வெட்டுறது இல்லண்ணே. நகம்தான் வேணும்."

அவர் என்னைப் பார்த்தார், தோளில் இருந்த குழந்தையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்குக் கட்டுறதா? புலி நகம் நம்மகிட்ட இல்லம்மா. பாசார் பக்கம் சீனர் கடையில கேளுங்க. பார்த்து வாங்குங்க, பன்னிப் பல்லைப் புலி நகம்னு தருவானுங்க."

என் கணவர் உதவிக்கு வந்தார். "கூக்கு, அண்ணே. கூக்கு கித்தார்."

மலாயிலும் அது நகம்தானே. கடைக்காரர் இப்போது கித்தாருக்கும் புலிக்கும் என்ன தொடர்பு என்று யோசிக்கத் தொடங்கிவிட்டார். நான் குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, வயிற்றுக்கு முன்னால் இல்லாத கித்தாரை மீட்டிக் காட்டினேன். கடையில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"அட, அதுவா? அதை முன்னாடியே ஆடிக் காட்டியிருக்கலாமே." அவர் பெட்டியிலிருந்து ஒரு சீப்பை எடுத்தார். "படக்கொட்டகையில பாண்டு வாசிக்கிற மணிலாக்காரங்க இதைத்தான் வாங்குறாங்க."

"தலைக்கா?"

"தலைக்கு இல்லம்மா. வெட்டி நகம் செஞ்சுக்கிறாங்க. அசல் ஆமை ஓடு. மத்ததெல்லாம் சும்மா."

சீப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தேனில் கரும்புள்ளி விழுந்தது போல இருந்தது. வாங்கினோம்.

அன்று வந்ததும் கணவர் அதை வெந்நீரில் போட்டு, முதுகுப் பக்கத்திலிருந்து மூன்று துண்டு அறுத்தார். பால்வெட்டுக் கத்தி தீட்டுகிற கல்லில் நான் அவற்றைத் தேய்த்தேன். கூரான நுனி வைத்தால் மேல் தந்தி பளிச்சென்று பேசும், ஆனால் கண்ணாடியைக் கீறுவது போல ஒரு கூச்சம் வரும். நுனியை உருட்டினால் கூச்சம் போய்விடும், சொல்லும் கொஞ்சம் மழுங்கும். கனமான துண்டு கீழ்த் தந்திகளை அதிரச் செய்தது. ஆனால் இறுக்கிப் பிடித்தால் அடியாக விழும். இரண்டு விரலுக்கு நடுவில் ஒரு பட்டாணி அளவு மட்டும் வெளியே விட்டு, கீழே விழுந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குத் தளர்த்திப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தபோது வந்த நாதத்தை என்ன சொல்வது? தந்தியின் ஒலி மட்டும் கேட்டது. மீட்டிய பொருள் கேட்கவில்லை. முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

இரண்டு நாள் நன்றாக இருந்தேன். மூன்றாம் நாள் அக்கா மேஜையில் கிடந்த பாதிச் சீப்பை எடுத்தார்.

"இது என்ன எலும்பா?"

"ஓடு, அக்கா."

"எதோட ஓடு?"

கொம்பு என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்ததே வேறு. "ஆமை."

அவர் சீப்பைக் கீழே வைக்கவில்லை. நேரே வாசலுக்குப் போய் வெளியே வைத்துவிட்டு வந்து கை கழுவினார். "கிராணி வீட்டுக்குள்ள ஆமையைக் கொண்டுவந்து விட்டிருக்கியே. கைப்பிள்ளை இருக்கிற வீடு."

"ஆமை இல்லக்கா, அது ஓடு. நாம வேதக்காரங்க, இதெல்லாம் பார்க்கலாமா?"

"நான் ஒண்ணும் ஆமையைக் கும்பிடலையே. வேணாம்னுதானே சொல்றேன்."

அன்று மாலை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது.

பள்ளியில் கடைசி வகுப்பு வரை படித்தவள் நான். ஒரு சீப்புக்கும் காய்ச்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மூன்று துண்டுகளையும் எடுத்துப் போய் வேலிக் கட்டையின் மேல் வைத்து, மேலே ஒரு கல்லையும் வைத்தேன். வைத்துவிட்டு என்மேலேயே ஆத்திரம் வந்தது. திரும்ப எடுத்து வரலாமா என்று நின்றேன். உள்ளே குழந்தை அழுதாள். எடுக்கவில்லை.

மறுநாள் தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்து ஈறைத் தடவிப் பார்த்து, பல் வருகிறது என்றார். நான்காம் நாள் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது, காய்ச்சலும் இறங்கியது. "பல்லுதான், அக்கா" என்றேன். "நீ வெளிய கொண்டுபோய் வெச்ச பிறகுதான் இறங்குச்சு" என்றார் அவர். இரண்டும் உண்மைதான், அதுதான் எரிச்சல்.

கணவரிடம் சொன்னேன். "எடுத்துட்டு வா, அக்காகிட்ட நான் பேசுறேன்" என்றார். பேசவில்லை. கடைசியில் வழி சொன்னதும் அக்காதான்.

"கோயில்ல வெச்சுக்க. அங்க ஆமை வந்தா ஆண்டவர் பார்த்துப்பார். இங்க வந்தா நான்தான் பார்க்கணும்."

அப்படியே உபதேசியாரின் மேஜை டிராயரில் மூன்று துண்டுகளும் குடிபோயின. கிறிஸ்மஸ் வரை வீட்டில் செல்லுலாயிட் பட்டையால் பழகினேன். அதில் சத்தம் வரவழைக்க இறுக்கிப் பிடித்து ஓங்கி மீட்ட வேண்டும். கோயிலுக்குப் போனால் ஓட்டால் பழகலாம், ஆனால் குழந்தைக்குப் பசிக்குமுன் திரும்ப வேண்டும். வாரத்தில் ஒரு நாள், அதுவும் அரை மணி. மற்ற ஆறு நாளும் என் கை தப்பான பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. வேலிக்கு வெளியே நின்றாவது ஓட்டால் பழகியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. தொழிலாளர் லயத்துப் பெண்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று அப்போது தோன்றியது.

கிறிஸ்மஸ் காலையில் கோயில் நிறைந்திருந்தது. முதல் பாட்டுக்கு உருட்டிய நுனித் துண்டை எடுத்தேன். ஆறு தந்தியும் சேர்ந்து எழும்பின. கடைசிப் பெஞ்சுப் பெண்கள் முதல் சொல்லிலேயே சேர்ந்துகொண்டார்கள். யாரும் பிந்தவில்லை. இரண்டாவது பாட்டும் அப்படியே. என் முதுகு நிமிர்ந்தது. உபதேசியார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

மூன்றாவது, மாட்டுத் தொழுவத்தில் பாலனைத் தூங்கவைக்கிற தாலாட்டு. மெதுவாக வர வேண்டும். ஓட்டைத் தளர்த்திப் பிடிக்க வேண்டும் என்று மனசு சொன்னது. கைக்கு அது தெரியவில்லை. ஒரு மாதமாக என்ன பழகியதோ அதைச் செய்தது. இறுக்கிப் பிடித்து, கீழ்த் தந்தியில் ஓங்கி அடித்தேன். தகரக் கூரை அதிர்ந்தது. தூங்குகிற பாலனைப் பற்றி எண்பது பேர் வாயைத் திறந்த நேரத்தில், அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த என் மகள் திடுக்கிட்டு எழுந்து வீறிட்டாள்.

பாடியவர்கள் நிறுத்தவில்லை. நான் தடுமாறி இரண்டு இடத்தில் சுரம் தப்பினேன். செல்லுலாயிட் பட்டையாக இருந்திருந்தால் அந்தத் தப்பு இரண்டாவது பெஞ்சோடு போயிருக்கும். ஓடு அதைக் கடைசிப் பெஞ்சுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அக்கா குழந்தையை வெளியே தூக்கிக்கொண்டு போனார். மிச்சப் பாட்டு முழுவதும் அவள் அழுகை ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. நான் வாசித்துக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்க வேண்டுமா, இருந்தது சரியா, இன்றுவரை முடிவு செய்ய முடியவில்லை.

ஆராதனை முடிந்ததும் உபதேசியார், "பின்னால வரைக்கும் கேட்டுச்சும்மா" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார்.

வாசலில் அக்கா நின்றிருந்தார். குழந்தை அவர் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். நான் கையை நீட்டினேன்.

"கேட்டுச்சு," என்றார் அக்கா, பிள்ளையைக் கொடுத்தபடியே. "எல்லாருக்கும் கேட்டுச்சு. இவளுக்கும் கேட்டுச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்குச் சண்டை போடவும் வழியில்லை. அங்கேயே சுவரோரம் உட்கார்ந்து மகளுக்குப் பால் கொடுத்தேன்.