விரலிடுக்கில் ஒரு கேலக்ஸி

டப்பாக்கா காலையில் ஆய்வகத்துக்கு வந்ததும் கணினித் திரையில் படம் வரும் இடத்தை வலது உள்ளங்கையால் மூடிவிட்டுத்தான் இடது கையால் படத்தைத் திறப்பார். பிறகு சுண்டுவிரலை மெல்ல விலக்குவார். அடுத்து மோதிரவிரல். அதற்குமேல் போனதே இல்லை. அதற்குள் விஷயம் தெரிந்துவிடும். "ச்சே, இன்னைக்கும் குண்டுதான்" என்று கையை உதறிக்கொள்வார்.

குண்டு என்பது ஒரு விண்மீன் திரள், அதாவது கேலக்ஸி. அதை வளர்ப்பதுதான் டப்பாக்காவுக்கு வேலை. ஆதியில் பரவிக் கிடந்த வாயு, கண்ணுக்குத் தெரியாத கரும்பொருள், இரண்டையும் கூட்டிச் சேர்க்கும் ஈர்ப்பு எல்லாவற்றையும் கணக்காக்கி, மாலையில் ஆய்வகத்தின் பெரிய கணினியிடம் ஒப்படைத்துவிட்டுப் போவார். விடிவதற்குள் அதனுள்ளே ஆயிரத்து முந்நூறு கோடி வருடம் ஓடிவிடும். குட்டித் திரள்கள் மோதும், ஒன்றையொன்று விழுங்கும், கடைசியில் பெரியதாக ஒன்று நிற்கும். நிஜ வானத்தில் இருப்பதைப்போல அது தட்டையாகப் பரவி, வளைந்த கைகளை வீசிச் சுழல வேண்டும். அக்காவுடையதோ சின்ன வயதிலேயே வாயுவை வாரி விழுங்கி, அவசர அவசரமாக விண்மீன்களாக்கிவிட்டு, உருண்டு திரண்டு உட்கார்ந்துவிடும்.

பட்டப்பெயருக்குக் காரணம் மேசைக்கடியில் இருக்கிறது. காலி டப்பாக்கள், டப்பா தொலைந்த மூடிகள், என்றைக்காவது உதவும் என்று சுற்றிவைத்த நூல். வீட்டிலும் இதே சேகரிப்புதான். கணவர் பேருந்து ஓட்டுநர். "எங்க வீட்ல ஏறத்தான் வழி இருக்கு. இறங்குற வாசலே கிடையாது" என்பார். அக்கா அசரமாட்டார். "போனா போனதுதானேங்க. நாளைக்கு வேணும்னா எங்க போய்த் தேடுவீங்க?"

எதிர் மேசையில் வானிலைக்காரர். அதே கணினியில் மழையும் காற்றும் கணக்குப் போடுகிறவர்.

"நாளைக்கு மழைன்னு நான் சொன்னா நாலு பேர் குடை எடுத்துட்டுப் போவாங்க. உங்க கேலக்ஸிய வச்சு யாரு என்னக்கா பண்ணப் போறாங்க?"

"நீங்க சொன்னதக் கேட்டுக் குடைய தூக்கிட்டுப் போய் வெயில்ல காஞ்சவ நான். பேசாம இருங்க தம்பி."

கிண்டலுக்கு அடியில் பங்காளிச் சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பிரிவுத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமைக்குள் தட்டுபோலப் பரவிய திரள் ஒன்றாவது சுழலாவிட்டால், கணினியில் அக்காவுக்கு உள்ள நேரமெல்லாம் வானிலைக்குப் போய்விடும். அதாவது, அக்காவின் கடை மூடப்படும்.

வியாழன் மாலை, கணினியின் கடைசி ஓட்டத்துக்கு அக்கா எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது வானிலைக்காரர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். பெரிய விண்மீன்கள் சாகும்போது வெடிக்கும். அந்த வேகம் அக்கம்பக்கத்து வாயுவைத் திரளுக்கு வெளியே தள்ளும். அந்த வேகத்துக்கான எண்ணில் அவர் கண் நின்றது.

"என்னக்கா, வெடிய இப்படி நமுத்துப்போக வச்சிருக்கீங்க?"

"கூட வச்சா வாயு எல்லாம் வெளிய ஓடிருது தம்பி. பாவம், அதுவே சின்னக் குட்டி. அப்புறம் எத வச்சு வளரும்?"

"ஓடினா ஓடட்டுமே. கடல்லேர்ந்து கெளம்புற ஈரம் எங்க போயிருது? ஊரெல்லாம் சுத்திட்டு மழையாத் திரும்பத்தான வருது?"

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது, யாருக்கு யோசனை சொல்கிறோம் என்று. "வாய வச்சுட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்று முணுமுணுத்தபடி தேநீர் எடுக்கப் போனார்.

அக்காவுக்கு இது தெரியாததில்லை. துரத்தப்பட்ட வாயு வெளியே அலைந்து, அங்குள்ள சுழற்சியை வாங்கிக்கொண்டு, வெகுகாலம் கழித்துச் சாவகாசமாக இறங்கும்; அப்படி இறங்குவதுதான் தட்டாகப் பரவும். எத்தனையோ கட்டுரைகளில் படித்ததுதான். கைதான் வரவில்லை. எண்ணை ஏற்றினார். இறக்கினார். மறுபடி ஏற்றி, பொத்தானைத் தட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கிளம்பினார். "என்ன, இன்னைக்கு டப்பா ஒண்ணும் வரலியா? உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கணவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை காலை. திரைமேல் உள்ளங்கை. படம் திறந்தாகிவிட்டது, சுண்டுவிரல்தான் அசைய மறுத்தது.

"தம்பி, நீங்களே பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெம்பில்ல."

முகத்தைத் திருப்பி, கண்ணை இறுக்கிக்கொண்டு கையை எடுத்தார்.

வானிலைக்காரர் திரையருகே குனிந்தார். அக்கா பொறுக்கமாட்டாமல் கண்ணைத் திறந்து அவர் முகத்தைப் பார்த்தார். வானிலைக்காரர் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வளைவு வரைந்தார். பிறகு அதற்கு எதிர்ப்பக்கம் இன்னொன்று.

அக்கா உடனே திரும்பவில்லை. பார்க்காமலே தடவித் தடவி உள்ளங்கையை மறுபடி திரைமேல் வைத்தார். நாற்காலியை வாகாக இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகுதான் திரும்பி, சுண்டுவிரலை விலக்கினார்.