மூன்று இன்ச்சு பைப்பும் மூன்று மா உளுந்தும்

அந்த அக்காவின் உளுந்தை எரித்தது நீங்கள். என் வெல்டிங் இல்லை.

"மெக்கானிக் வேலை சரியில்ல, அதான் தீப்பிடிச்சது" என்று உங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டீர்கள். நான் அந்தக் குழுவில் இல்லை. ஆனாலும் மறுநாள் காலையிலேயே அது என் பட்டறைக்கு எதிரில் இருக்கும் டீக்கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் சத்தமாகப் போட்டுக் காட்டிவிட்டு, "என்னண்ணே, பைப்பு மாட்டுறியா, அடுப்பு கட்டுறியா?" என்றார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் இரண்டு பேர் என்னிடம் வண்டியை வேலைக்கு விடுகிறவர்கள். அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பங்குனி மாதம், ஒரு வியாழக்கிழமை, உங்கள் டர்போ டீசல் ஜீப்பைக் கொண்டுவந்தீர்கள். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்த சைலன்சர் பைப்பு பின்சீட்டில் கிடந்தது. "அண்ணே, கம்பெனி பைப்புல வண்டி மூச்சு விட மாட்டேங்குது. டர்போலேர்ந்து கடைசி வரைக்கும் மூணு இன்ச்சு போட்டுடுங்க. நீடாமங்கலம் ரயில்வே கேட்டுல நின்னா சத்தம் மன்னார்குடிக்குக் கேக்கணும்" என்றீர்கள்.

"போலீசுக்கும் கேக்கும் தம்பி."

"அத நான் பாத்துக்கறேண்ணே."

பழைய பைப்பைக் கழற்றவே அரை நாள் ஆனது. அடியில் வயல் சேறு காய்ந்து சிமெண்டு போல இறுகியிருந்தது. டர்போவை ஒட்டிய போல்ட்டுகளில் ஒன்று முறிந்தது. அதைத் துளை போட்டு எடுத்தேன். புதிய பைப்பைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் ஒரு வளைவு கியர்பாக்ஸில் இடித்தது. வெட்டி, திருப்பி, மறுபடி வெல்டிங் வைத்தேன். ஒரு விரல் இடைவெளி கிடைத்தது. வெள்ளி சாயங்காலம் பைப்பு உட்கார்ந்துவிட்டது.

தகடுகள் உட்காரவில்லை. பைப்பைச் சுற்றிக் கம்பெனியிலேயே மூன்று தகடுகள் வைத்திருப்பார்கள். தூரமாக ஓடி வந்த டீசல் வண்டியில் டர்போவுக்கு அடுத்த பைப்பு கொதிக்கும். அதில் எதுவும் போய் ஒட்டாமல் பார்த்துக்கொள்வது அந்தத் தகடுகள்தான். பழைய பைப்பின் அளவுக்குச் செய்தவை, புதியதற்கு வெட்டி வளைக்க வேண்டும்.

"நாளைக்கு ஒரு நாள் விடுங்க தம்பி. தகட்டையும் மாட்டிக் குடுத்துடறேன்."

"நாளைக்கு விடியக்காலைல பசங்களோட தரங்கம்பாடி போறேண்ணே. தகடெல்லாம் மலையேறுற வண்டிக்கு. நம்ம பக்கம் எங்க மலை இருக்கு?"

"மலை இல்ல. ரோடு பூரா உளுந்து கெடக்கு. தகடு மாட்டுற வரைக்கும் உளுந்து மேலயோ வைக்கோல் மேலயோ ஏத்தாதீங்க."

"வந்து மாட்டிக்கறேண்ணே."

இதை இரண்டு முறை சொன்னேன். காரணம் உண்டு. இங்கே உளுந்துச் செடியைப் பிடுங்கித் தார் ரோட்டில்தான் பரப்புகிறோம். பஸ்ஸும் லாரியும் ஏறிப்போனால் காய் உடைந்து பருப்பு உதிரும். ஒதுங்கிப் போகிற வண்டியைத்தான் திட்டுவார்கள். உளுந்தில் ஏற்றாதே என்று ஒருவரிடம் சொல்வதே இந்தப் பக்கத்தில் புதுப் பேச்சு. நீங்கள் போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினீர்கள். தகடுகளை நியூஸ்பேப்பரில் சுற்றி வண்டியின் பின்னால் நானே வைத்தேன். நீங்கள் ஆக்ஸிலேட்டரை மிதித்தீர்கள். பட்டறைக் கூரைத் தகரம் அதிர்ந்தது. நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அந்தச் சத்தம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது.

மீதியை அந்த அக்கா சொல்லித் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி என் பட்டறைக்கே வந்துவிட்டார். ஸ்டூல் போட்டேன், உட்காரவில்லை.

"நீங்கதான் அந்த ஜீப்புக்குப் பைப்பு போட்டவரா?"

"ஆமாக்கா."

"என் உளுந்து பூரா சாம்பல்."

மூன்று மா, அதாவது ஒரு ஏக்கர், குத்தகை நிலம். நெல் அறுப்புக்கு முன்னால் ஈரத்தில் தெளித்த உளுந்து. அவரே பிடுங்கி, அவரே சுமந்து வந்து ரோட்டில் பரப்பியது. தரங்கம்பாடியிலிருந்து திரும்பிய நீங்கள் வண்டியை நிறுத்தி, "பஸ்ஸுக்கு ஏங்க்கா காத்துக் கெடக்கீங்க, நான் நாலு தடவ ஓட்டித் தர்றேன்" என்றீர்களாம்.

"நல்ல மனசோடதான் சொல்லுச்சு அந்தத் தம்பி" என்றார். "போய்ப் போய் வந்துச்சு. அடியில பொகை. நிறுத்துங்கன்னு கத்துறேன். கண்ணாடிய ஏத்தி விட்டுருக்கு, அந்தப் பைப்பு போடுற கூச்சல்ல நான் கத்துறது எங்க கேக்கும்? கையக் காட்டுனேன். அதுவும் சிரிச்சுக்கிட்டே கையக் காட்டிட்டுப் போவுது."

நீங்கள் நிறுத்தியது செடிக் குவியலின் மேலே. தீயைப் பார்த்ததும் வண்டியை முன்னால் எடுத்துக் காப்பாற்றிக்கொண்டீர்கள். எரிகிற செடியும் கூடவே இழுபட்டு வந்தது. வாய்க்காலில் தண்ணீர் இல்லாத மாதம். அங்கிருந்தவர்கள் சாக்கை வைத்து அடித்துப் பார்த்திருக்கிறார்கள், அணையவில்லை.

என் வேலை சரியில்லை என்று ஊருக்குச் சொன்ன நீங்கள், வண்டியை என் பட்டறைக்கே அனுப்பியிருந்தீர்கள். அது, அடியில் இறங்கி வேலை பார்க்கத் தோண்டிய பள்ளத்தின் மேல்தான் நின்றது. அக்கா பள்ளத்தில் இறங்கினார். டார்ச் அடித்துக் காட்டினேன். வெல்டிங்கில் ஒரு கீறல் இல்லை. பைப்புக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் விரல் கனத்துக்குக் கருகிய உளுந்துச் செடி அடைத்திருந்தது. அவரே ஒரு காயை இழுத்துக் கசக்கினார். கையெல்லாம் கரி. வண்டியின் பின்னால் பேப்பர்ப் பொட்டலம் நான் சுற்றியபடியே இருந்தது.

"இத மாட்டாம வண்டிய ஏன் தம்பி வெளிய விட்டீங்க?"

வெள்ளி சாயங்காலம் சாவி என் கையில்தான் இருந்தது. கொடுத்திருக்கக் கூடாது. "என் தப்புதாங்க்கா" என்றேன். டீக்கடைக்காரர் கேட்டுக்கொண்டு நின்றார், கேட்கட்டும். அக்கா கத்தியதை அமுக்கிய சத்தமும் நான் மாட்டியதுதான்.

அன்றே உங்களுக்குப் போன் செய்தேன். "விடுங்கண்ணே, அந்தக்காவுக்கு ஏதாச்சும் செஞ்சுடறேன். இதப் பெருசாக்காதீங்க" என்றீர்கள். பெரிதாக்கியது நான் இல்லை. ஊர் முழுக்கக் கேட்கும்படி பேசியது நீங்கள். உங்கள் பேச்சைக் கேட்டுத்தான் அவர் வெயிலில் பஸ் ஏறி என்னைத் தேடி வந்தார்.

என் பங்கை இங்கே எழுதிவிட்டேன். இனி உங்கள் முறை. தனியாகப் போனில் வேண்டாம். அதே குழுவில், அந்த அக்காவும் கேட்கும்படி, உங்கள் குரலிலேயே சொல்லுங்கள். தகடு இல்லாமல் உளுந்தில் ஏற்றாதீர்கள் என்று நான் சொன்னேனா, சொல்லவில்லையா?