அக்காவின் விரலுக்கு ஒரு பொத்தான்

அந்தத் தையல்காரர் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஆனாலும் இங்கிலீஷ் எழுத்து அவருக்குப் புதிதல்ல. பள்ளிப் பிள்ளைகளின் சட்டைப் பையில் பள்ளியின் பெயரை நூலால் எழுதி எழுதியே முப்பது வருஷம் போயிருக்கிறது. வாசிக்கத் தெரியாது; வளைவு பிசகாமல் தைக்கத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவர் புரோகிராம் எழுத உட்கார்ந்தார்.

எல்லாம் அக்காவுக்காக. தாயில்லாத வீட்டில் அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். போன வருஷம் பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோய்ப் படுத்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. குரலும் இறங்கிவிட்டது, காதைக் கிட்டே கொண்டுபோனால்தான் கேட்கும். அவள் உள்ளறையில், அவர் முன்னறையில் மெஷினோடு. அந்த மோட்டார் சத்தத்தில் கைமணியின் ஓசைகூட எடுபடவில்லை. மெஷினை உள்ளே கொண்டுபோகலாமென்றால் கட்டிலுக்கே இடம் போதாது. துணித்தூசி பட்டால் அவளுக்கு இருமல் வேறு நிற்காது.

தங்கை ஒருநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "பகல் முழுக்க மெஷினோட மல்லுக்கட்டுறீங்க. அக்கா கூப்பிட்டா உங்களுக்குக் கேக்குமா? முதியோர் இல்லத்துல சேர்த்துடலாம்ண்ணே. அங்க கூப்பிட்டா ஆள் வரும்."

"இந்தக் கட்டிலை விட்டு என்னை எவளாலும் கிளப்ப முடியாது" என்று அக்கா முணுமுணுத்தது தங்கைக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

"ஒரு மாசம் பொறு. கூப்பிட்டா எனக்குத் தெரியுற மாதிரி ஒரு வழி பண்றேன்" என்றார்.

பக்கத்துக் கடையில் செல்போன் பழுது பார்ப்பவர்தான் வழி சொன்னார். உள்ளங்கையில் அடங்குகிற ஒரு போர்டைக் கொடுத்தார். "புதுசா கத்துக்கிறவங்களுக்கான போர்டு மாஸ்டர், பயப்படாதீங்க. அக்கா கையில ஒரு பட்டன், உங்க ஊசி பக்கத்துல ஒரு சிவப்பு லைட்டு. அழுத்தினா எரியும், திரும்ப அழுத்தினா அணையும்."

அளவு வரையும் தாளில் அவர் காட்டிய புரோகிராமை எழுத்தெழுத்தாகப் பார்த்து எழுதிக்கொண்டு, அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஒற்றை விரலால் தட்டினார் தையல்காரர். முதல் நாள் ஒன்றும் ஓடவில்லை. வரிக் கடைசியில் வரவேண்டிய அரைப்புள்ளி, அந்தப் புள்ளியும் வாலும், ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தது.

"வரி முடிஞ்சா முடிச்சுப் போடணும் மாஸ்டர். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

மூன்றாம் நாள் ஓடியது. அவர் தன் விரலால் இருபது தடவை அழுத்திப் பார்த்தார். இருபதும் சரியாக வந்தது. கடவுளே உனக்குக் கோடி கும்பிடு என்று சொல்லி, ஒயரை நீளமாக இழுத்துக் கட்டில் சட்டத்தில் அக்காவின் இடது கைக்கு எட்டும்படி பொத்தானைப் பொருத்தினார்.

ஒரு வாரம் தொந்தரவில்லை. எட்டாம் நாள் மத்தியானம் அவசரமாகக் காலர் தைத்துக்கொண்டிருந்தவர், தண்ணீர் குடிக்க எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அக்கா தரையில் கிடந்தாள். பிய்ந்து வந்த பொத்தான் கையில் இருந்தது.

"எப்பக்கா விழுந்தே?" என்று கேட்டபடி அவளை வாரியெடுத்துப் படுக்க வைத்தார்.

"அழுத்தினேன்டா. வாசல் திரைச்சீலைல சிவப்பா வெளிச்சம் தெரிஞ்சுது. உடனே அணைஞ்சுது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அணைஞ்சுது." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நீ பாத்துட்டு அங்கேருந்தே அணைக்கிறேன்னு நெனச்சேன். அப்புறம் நானே எழுந்திருக்கப் பாத்தேன்."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளுடைய முழங்கைக் காயத்துக்கு மருந்து போட்டுவிட்டு, போர்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார்.

"பட்டனுக்குள்ள இருக்குற தகடு படும்போது துடிக்கும் மாஸ்டர். ஒரு அழுத்தத்தை ரெண்டு மூணுன்னு எண்ணிக்கும். அக்காவுக்குக் கையும் நடுங்குது. ரெட்டைப்படையா எண்ணினா அணைஞ்சதுதான். அவங்க கையால அழுத்திப் பாத்தீங்களா?"

"என் கையாலதான் பாத்தேன் தம்பி."

"உங்க அளவை எடுத்து அக்காவுக்கு ரவிக்கை தைப்பீங்களா?"

அங்கேயே உட்கார்ந்து புரோகிராமைப் பிரித்து மறுபடி தட்டினார். இனி அக்கா எத்தனை தடவை அழுத்தினாலும் விளக்கு எரியும், அணையாது. அணைப்பதற்கென்று தனியாக ஒரு பொத்தான். வீட்டுக்கு வந்து பிய்ந்த பொத்தானைத் திரும்பப் பொருத்திவிட்டு, அணைக்கும் பொத்தானை மெஷினருகே வைக்காமல் அக்காவின் தலைமாட்டுச் சுவரில் பதித்தார்.

ஆனால் அக்கா இரண்டு நாளாக எதையும் அழுத்தவில்லை. ஈரத்துணியோடு கிடந்தாளே தவிர அழுத்தவில்லை. இருண்ட விளக்கைப் பார்த்து, ஒன்றும் தேவையில்லையா, என்மேல் நம்பிக்கை இல்லையா என்று தெரியாமல் அவர் பத்து நிமிஷத்துக்கொரு தரம் எழுந்து ஓடினார்.

சனிக்கிழமை காலை கட்டிலோரம் உட்கார்ந்தார். "நாளைக்கு மாசம் முடியுது, தங்கச்சி வருதுக்கா. ஒரே ஒரு தடவை அழுத்திப் பாரேன்."

"எதுக்கு? நீ அணைச்சு விளையாடவா?"

"அங்கேருந்து என்னால அணைக்க முடியாது. இந்தா, உன் தலைக்கு மேல இருக்கு பாரு. நான் இங்க வந்து கை வெச்சாத்தான் அணையும்."

அக்கா சுவரைப் பார்த்தாள்.

அவர் போய் மெஷினில் உட்கார்ந்தார். துணியைப் பார்க்காமல் விளக்கைப் பார்த்ததில் தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்துக்கொண்டிருக்கும்போது விளக்கு எரிந்தது.

"என்ன வேணும்க்கா?"

"ஒண்ணும் வேணாம். அணை."

அணைத்தார். திரும்பி வந்து உட்காருவதற்குள் மறுபடி எரிந்தது. போனார். அப்புறமும் எரிந்தது. மத்தியானம் வரைக்கும் ஒரு சட்டைக் கைகூட முடியவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் அவர் முகத்தையே பார்த்தாள். சிரிக்கவில்லை.

"தங்கச்சி கேட்டா என்னக்கா சொல்லப்போற?"

"இன்னும் யோசிக்கிறேன். நீ போய் உக்காரு."

போய் உட்கார்ந்தார். மிதியில் கால் வைப்பதற்குள் விளக்கு எரிந்தது.