நேற்று ஓடிய வரியில் இன்று பிழை

கல்முனைப் பிரதான வீதியில் ஒரு புடைவைக் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் கணினி வகுப்பு. தொண்ணூறுகளின் பின்பாதி அது. படிப்பித்த சேர் பாண்டிருப்புக்காரர், கொழும்பில் படித்துவிட்டு வந்தவர். வகுப்பில் பெண் என்று நான் ஒருத்திதான். பெண் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் தனி வகுப்புத் தொடங்க வேண்டும், அதில் நான் படிப்பிக்க வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். சேருக்கும் விருப்பம். ஆனால் பள்ளிவாசல் மரைக்கார்மார் தலையாட்டாமல் எந்த வீட்டிலிருந்தும் பிள்ளை வராது.

எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடிக்கும், அதாவது ஒவ்வொரு வம்சத்துக்கும், பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒரு மரைக்கார் இருப்பார். குடி தாய்வழியாக வரும். உம்மாவின் குடிதான் எனக்கு. வாப்பாவின் குடி வேறு. பள்ளிவாசல் கந்தூரி விருந்துச் சோறும் குடி குடியாகத்தான் போகும், பலர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுக் கணக்கில்.

சேர் ஒரு வழி சொன்னார். "அவங்களுக்கு உதவுற மாதிரி ஒண்டு செஞ்சு காட்டுங்க. கந்தூரிக்கு எந்தக் குடிக்கு எத்தனை சஹன் சோறு போகணும் எண்டு கணக்குப் பாத்து, குடிகள வரிசையா அடுக்கட்டும். வாற கிழமை அவங்களக் கூப்பிடுறன். ஓடினா வகுப்பு. ஓடாட்டி நான் ஒண்டும் செய்யேலாது."

அப்போதுதான் டெம்ப்ளேட் படித்திருந்தோம். அடுக்கும் வேலையை ஒருமுறை எழுதி வைத்துவிட்டால் போதும். எண்ணைக் கொடுத்தாலும் எழுத்தைக் கொடுத்தாலும் அதே நிரல் அடுக்கித் தரும். பிட்டுக் குழலுக்குள் அரிசி மாவும் வைக்கலாம், குரக்கன் மாவும் வைக்கலாம், அந்த மாதிரி. நான் எழுதியதில் எண்களைக் கொடுத்தேன், அடுக்கியது. எழுத்துகளைக் கொடுத்தேன், அதையும் அடுக்கியது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் குடியைக் கொடுத்தேன். பெயர், மரைக்கார், வீடுகள், சஹன் எல்லாவற்றையும் ஒரே பொதியாகக் கட்டி, அதற்குக் குடி என்று பெயர் வைத்திருந்தேன். நிரலை வாசித்துக் கணினியின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலர் நின்றுவிட்டது. நீலத் திரையில் 'இல்லீகல் ஸ்ட்ரக்சர் ஒப்பரேஷன்' என்று ஒரு வரி. சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம் அது. இல்லீகல், சட்டவிரோதம், என்ற சொல்லைக் கண்டதும் முதலில் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், பிறகு கோபம் வந்தது. "உன்ட ஊட்டுல என்னத்தக் களவெடுத்தன்?" என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே கேட்டேன். பக்கத்துக் கணினியில் இருந்தவர் எழும்பித் தள்ளிப் போய் இருந்தார்.

எனக்கு விளங்காதது இதுதான். கம்பைலர் பிழை என்று காட்டியது டெம்ப்ளேட்டுக்குள் இருந்த வரியை. அது நேற்று ஓடிய வரி. ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. திரும்ப எண்களைக் கொடுத்துப் பார்த்தேன், ஓடியது. குடியைக் கொடுத்தேன், நின்றது. அந்த வரியை அழித்துவிட்டு அப்படியே திரும்ப எழுதினேன். அதே பிழை. மண்டை காய்ந்துவிட்டது. ஆனாலும் விட மனமில்லை. என்னதான் கேட்கிறது இது என்று அறியும் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் அந்த வரியையே வாய்விட்டு வாசித்தேன். 'இது அதைவிடச் சின்னதா?' அவ்வளவுதான் அந்த வரி. அல்லாஹ்வே, பிழை அங்கே இல்லையே! இரண்டு எண்ணில் எது சின்னது என்று அதற்குத் தெரியும். இரண்டு குடியில் எது சின்னது என்று அதற்கு யார் சொன்னது?

"அப்ப நீங்கதான் சொல்லிக் குடுக்கணும். எப்படி ஒப்பிடுறது எண்டு எழுதிக் குடுங்க, ஓடும்," என்றார் சேர், லேசாக.

வீட்டுக்குப் போனேன். அஸர் தொழுதுவிட்டு வந்து வாப்பா தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா, உங்கட குடியும் உம்மாட குடியும், ரெண்டுல எது சின்னது?"

வாப்பா கோப்பையைக் கீழே வைத்தார். மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா முந்திக்கொண்டார். "வீட்ட எண்ணிப் பாத்தா உங்கட வாப்பாட ஆக்கள் கொஞ்சம்தானே."

"வீட்டையா எண்ணுற? பள்ளிவாசல் கட்டக்குள்ள மரம் குடுத்தது ஆரு?"

"இப்ப நீங்க இரிக்கிற வீடும் எங்கட குடி தந்த வீடுதான்."

வாப்பா மிச்சத் தேத்தண்ணீரைக் குடிக்காமலே எழும்பிப் போய்விட்டார். உம்மாவுக்கு ஒரே சிரிப்பு. ஒரு கேள்விக்கு என் வீட்டிலேயே இப்படியென்றால், மரைக்கார்மார் எல்லாரும் இருக்கும் இடத்தில் ஒருவருடைய குடியைக் கடைசியில் காட்டினால் வகுப்புக் கிழிந்தது போங்கள். எது சின்னது என்று சொல்லிக் கொடுக்காவிட்டாலும் நிரல் ஓடாது.

இரவுச் சாப்பாட்டில் வாப்பாவிடம் மெதுவாகக் கேட்டேன். "கந்தூரியில ஆருக்கு முதல்ல சோறு?"

"முதல் எண்டு ஒராளும் இல்ல, மகள். பாத்திஹா ஓதி முடிஞ்ச உடன எல்லா மரைக்காரும் ஒண்டாத்தான் சோத்துக் கிடாரத்துக்குப் போவாங்க."

அடுத்த நாள் போய் ஒப்பிடும் வரியை எழுதினேன். எந்த இரண்டு குடியைக் காட்டி 'இது அதைவிடச் சின்னதா?' என்று கேட்டாலும் ஒரே பதில்: இல்லை. அப்படியென்றால் ஒன்றும் இடம் மாறாது. கம்பைலர் ஒரு வார்த்தை பேசாமல் ஏற்றுக்கொண்டது. சேரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அடுக்கச் சொன்னால் அடுக்காத ஒரு நிரலைக் கொண்டுபோகிறேன் என்று எனக்கே பயமாக இருந்தது.

மரைக்கார்மார் வந்தார்கள். குடிப் பெயர்களை அவர்களையே சொல்லச் சொன்னேன். "நீங்க சொல்லுங்க." "சேச்சே, நீங்க முதல்ல." தட்டில் வைத்த சோடா சூடாகும் வரை அதுவே நடந்தது. ஒருவழியாகச் சொல்லி முடித்ததும் விசையைத் தட்டினேன். எந்தக் குடிக்கு எத்தனை சஹன் என்று கணக்கு வந்தது. தலைகள் ஆடின.

மூத்த மரைக்கார் மட்டும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "வரிசையா அடுக்கும் எண்டாரே சேர்? நாங்க சொன்ன மாதிரியே கிடக்குது."

சேரின் முகம் கறுத்தது. ஆனாலும் சொன்னேன். "ஓம் மாமா. எந்தக் குடி சின்னது எண்டு அது என்னட்டக் கேட்டது. ஒண்டும் சின்னதில்ல எண்டு எழுதிக் குடுத்துட்டன்."

மூத்த மரைக்கார் மற்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு சேர் பக்கம் திரும்பினார்.

"என்ட பேத்திமாரு ரெண்டு பேரு இரிக்காங்க. வகுப்புக்கு எப்ப அனுப்புற?"