பிளோறன்ஸ் தோய்த்த பிஜாமா

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில், ரயில் பாதையோரத்து மாடிவீடு ஒன்றில் இருந்துகொண்டு பிளோறன்ஸ் கரடிப் பொம்மை தைக்கிறாள். கடையில் குவித்து விற்கிற கரடி இல்லை. கழுத்தும் கையும் காலும் தனித்தனியே திரும்புகிற, மூக்கைக் கறுப்பு நூலால் இழை இழையாகக் கட்டிய கரடி. அதிலும் அவளிடம் வருகிறவர்கள் இறந்தவர்களின் உடுப்பைக் கொண்டுவந்து, இதில் ஒன்று தைத்துத் தாருங்கள் என்கிறவர்கள். தகப்பனின் கோடுபோட்ட சட்டை வயிறாகும், தாயின் கம்பளிச்சட்டை காதாகும். ஜேர்மன்காரருக்கு அதில் ஓர் ஆறுதல். நம்மவர்களிடம் சொன்னால் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விடுவார்கள்.

இந்தத் தொழில் அவளைத் தேடி வந்தது ஒரு முதியோர் இல்லத்தின் சலவை அறையில். யாழ்ப்பாணத்துப் பாஷையூரிலிருந்து அகதியாக வந்த காலத்தில் கணவன் கிறிஸ்தோப்பர் உணவகத்தில் கோப்பை கழுவ, இவள் அங்கே துணி தோய்த்தாள். யாராவது இறந்துபோனால் அலுமாரியில் உள்ளதையெல்லாம் தோய்த்து, ஸ்திரி போட்டு, மடித்துத்தான் பிள்ளைகளின் கையில் கொடுப்பாள். அவர்களும் கையைப் பிடித்து நன்றி சொல்வார்கள். ஒருமுறை ஒரு மகள் தாயின் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு எழும்ப மாட்டாமல் அழுதாள். மாலை வகுப்பொன்றில் பொம்மை தைக்கப் பழகியிருந்த பிளோறன்ஸ், அந்தச் சட்டையைக் கேட்டு வாங்கி ஒரு கரடி தைத்துக் கொடுத்தாள். அதைப் பார்த்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லியே அவளுக்குச் சலவை வேலையை விடும் அளவுக்கு வேலை வந்தது.

இந்த வைகாசியில் லாரா வந்தாள். அவளுடைய இரண்டு வயது மகன் யோனாஸ் மூளைக்காய்ச்சலில் இறந்து ஒரு வருடம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று அவன் போட்டிருந்த நீலக்கோடு போட்ட பிஜாமாவை, இறுக்கி மூடிய பிளாஸ்டிக் பையொன்றில் கொண்டுவந்திருந்தாள். அதை மேசையில் வைத்தாளே தவிர, கையை எடுக்க அவளால் முடியவில்லை. பிளோறன்ஸ் கோப்பி போட எழும்பிய பிறகுதான் எடுத்தாள். கோப்பியைக் குடிக்காமலே போய்விட்டாள்.

பையைத் திறந்த பிளோறன்ஸுக்குக் கோபம்தான் வந்தது. ஊத்தை உடுப்பு, கழுத்தடியில் கறை, மூக்கில் ஏறுகிற மணம் வேறு. பெற்ற பிள்ளையின் உடுப்பை ஒரு வருடமாகத் தோய்க்காமல் கட்டி வைத்திருக்கிறாளே, இவளும் ஒரு தாயா! செத்தவீட்டுக்குப் போய்வந்தால் தலையில் தண்ணீர் வார்க்காமல் உள்ளே கால் வைக்கிற குடும்பமில்லை அவளுடையது. வேதக்காரர் என்றால் என்ன, சாவுத் துடக்குத் துடக்குத்தானே? செத்தவீட்டுத் துணியைத் தோய்க்காமல் ஊசி போட அவளுக்குக் கை வராது. குழந்தைப்பிள்ளையின் உடுப்பு என்று இரக்கப்பட்டு, விலைகூடிய பூவாசனைத் திரவத்தையும் இரண்டு மூடி கூடுதலாக விட்டு மெஷினைப் போட்டாள். தோய்க்காதே என்று சொல்ல லாராவுக்குத் தோன்றவில்லை. தோய்க்கட்டுமா என்று கேட்க இவளுக்கும் தோன்றவில்லை.

அடுத்த நாள் காலை லாரா தொலைபேசியில் வந்தாள்.

"ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். பையைத் திறக்கும்போது ஜன்னல்களைச் சாத்திவிடுங்கள். வெட்டியதும் துண்டுகளைத் திரும்பப் பைக்குள் போட்டு மூடிவிடுங்கள். அவனுடைய மணம் அதில் மட்டும்தான் மிச்சம். தீர்ந்துவிடும் என்று பயந்து நான் ஒருநாள்கூடத் திறக்கவில்லை. கரடியைத் தந்தீர்களென்றால் ஒரே ஒரு இரவு கட்டிப்பிடித்துப் படுப்பேன். அது போதும்."

பிளோறன்ஸ் "யா, யா" என்று ஜேர்மனில் சொல்லிக்கொண்டே பல்கனியைப் பார்த்தாள். கொடியில் பிஜாமா காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் இழுத்து முகத்தில் வைத்து மணந்தாள். பூந்தோட்டம் மணத்தது. அக்குள், கழுத்து, காலடி, தையலின் உள்மடிப்பு என்று ஒவ்வொன்றாக மணந்தாள். எங்கும் பூந்தோட்டம்தான். அந்தப் பிளாஸ்டிக் பையிலாவது கொஞ்சம் ஒட்டியிருக்கும் என்று கீழே ஓடினாள். அதை அவள் எறிந்திருந்த மஞ்சள் குப்பைப் பைகளை வண்டி விடியவே ஏற்றிக்கொண்டு போயிருந்தது. வெறும் தெருவில் செருப்பில்லாமல் நின்று, மாதாவே, நான் என்ன செய்துபோட்டேன் என்று வாய்விட்டு அழுதாள்.

கிறிஸ்தோப்பர் நல்ல மனுசன்தான், ஆனால் அவரிடம் எந்தத் துன்பத்துக்கும் குறுக்குவழி ஒன்று இருக்கும்.

"சொல்லாதையும். தைச்சுக் குடும். ஒரு வருசமாப் பையுக்க கிடந்தது, மணம் தானாப் போயிட்டுது எண்டு நினைப்பா."

"அவ ஒரு நாளும் திறக்கேல்லையாம், இஞ்சாருங்கோ. எனக்கு நெஞ்சு வெடிக்குது."

"அப்ப சுஜீவாவின்ர இரண்டு வயசுப் பொடியனுக்கு ஒரு ராவைக்குப் போட்டு விடும். பிள்ளை மணம் எல்லாம் ஒண்டுதானே?"

சொன்னவர் வேலைக்குப் போய்விட்டார். கேட்டவளை அந்த யோசனை பிடித்துக்கொண்டது. பிஜாமாவை இன்னொரு முறை வெறும் தண்ணீரில் அலசி, உலர்த்தி, கைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சுஜீவா வீட்டுக்குப் போனாள். உள்ளே பொடியன் சிரிக்கிற சத்தம் வாசலுக்குக் கேட்டது. மணியில் விரலை வைத்த பிறகுதான் அவளுக்கு உடம்பு கூசியது. செத்த பிள்ளையின் உடுப்பை உயிரோடு இருக்கிற பிள்ளைக்குப் போட வந்திருக்கிறேனே, எனக்கு விசரா? விரலை எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தவள், வீட்டுக்குப் போகாமல் நேரே ரயிலேறினாள்.

லாரா கதவைத் திறந்ததும், பிளோறன்ஸ் உள்ளே வராமலே சொன்னாள். "நான் தோய்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. எல்லாம் போய்விட்டது."

லாரா பிஜாமாவை வாங்கி முகத்தில் அழுத்தினாள். நெடுநேரம் எடுக்கவில்லை. பிறகு தரையில் குந்தி, குரலே இல்லாமல் வாயை மட்டும் திறந்து அழுதாள். பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. மன்னிப்புக் கேட்கக்கூடப் பிளோறன்ஸுக்குக் கூச்சமாக இருந்தது.

"போய்விடுங்கள்" என்றாள் லாரா.

பிளோறன்ஸ் படியிறங்கினாள். பாதிப் படியில் பின்னால் குரல் கேட்டது.

"நில்லுங்கள்! பையைத் திறந்தது நீங்கள்தானே? அவனைக் கடைசியாக மணந்தது நீங்கள்தான். எனக்குச் சொல்லுங்கள்."

பிளோறன்ஸ் திரும்பி ஏறிவந்து அவள் பக்கத்தில் வாசல்தரையில் இருந்தாள். பால் என்றாள், புளித்த பால். இனிப்பு மருந்து என்றாள். அதோடு ஜேர்மன் முடிந்துவிட்டது. அலுவலகத்துக்கும் சலவைக்கும் தையலுக்கும் வேண்டிய சொற்கள் அவளிடம் இருந்தன, இதற்கு இல்லை. லாரா அவளுடைய கையை நோகப் பிடித்தாள். பிளோறன்ஸ் கண்ணை மூடிக்கொண்டு தமிழில் சொன்னாள்.

"பால் புளிச்ச மணம், பிள்ளை. கழுத்தடியில காய்ஞ்ச வேர்வை. காய்ச்சல் மருந்து நெஞ்சில சிந்தியிருக்கு, அந்த இனிப்பு. காலடியில லேசா மூத்திரம். அதுக்கு மேல உச்சி மணம். நித்திரையால எழும்பின பிள்ளையைத் தூக்கேக்க வருமே, அது. காய்ச்சல்காரப் பிள்ளையின்ர மணமில்லையடி அது. நல்லா விளையாடிப்போட்டுப் படுத்த பிள்ளையின்ர மணம்."

லாராவுக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனாலும் மூச்சை உள்ளே இழுத்து இழுத்துக் கேட்டாள்.

"இன்னொரு தடவை" என்றாள்.

பிளோறன்ஸின் மூக்கில் அந்தப் பூந்தோட்டம் ஏறிக்கொண்டே வந்தது. அது மற்றதை மூடிவிடுவதற்கு முன் சொல்லிவிட வேண்டும் என்று, அவள் அவசர அவசரமாக முதலிலிருந்து தொடங்கினாள்.