செல்வியின் கடல் காற்றாடி நல்லதா, கெட்டதா?

1. கூடாரம் என்று நினைத்தது

பிள்ளைகளா, செங்கம் ரோட்டில் நம் கடை என்ன வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஷாமியானா, தார்ப்பாய், டீக்கடை வாசலுக்கு நிழல் துணி, இவற்றைத் தைப்போம், வாடகைக்கும் விடுவோம். ஆசிரமத்துப் பக்கம் வந்து தங்குகிறவர்கள் கிழிந்த பை, ஜிப் போன கூடாரம் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வருவார்கள். அதனால் ஓர் ஆடி மாதத்தில் ஒரு பெண் தன் முதுகைவிடப் பெரிய பை ஒன்றைக் கொண்டுவந்து இறக்கியபோது, இதுவும் கூடாரம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"ஜிப்பு போயிடுச்சாம்மா?" என்றேன்.

"ஜிப்பு நல்லாதான் இருக்கு பாய். இது கூடாரம் இல்ல, காத்தாடி."

பையைத் திறந்து துணியை வெளியே இழுத்தாள். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. கடைக்குள் இடம் போதாமல் மீதி ரோட்டோரம் கிடந்தது. இவ்வளவு பெரிய காற்றாடியை எந்தக் குழந்தை விடும் என்று எனக்குப் புரியவில்லை.

அவள் பெயர் செல்வி. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிற குடும்பம். ராமநாதபுரம் கடற்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சமையல் வேலைக்குப் போனாள். அங்கே எழுத்துப் பாடம் கிடையாது. கடலில் ஒரு பலகைமேல் நின்றுகொண்டு, மேலே காற்றாடி இழுக்க, தண்ணீர்மேல் வழுக்கிப் போவதைச் சொல்லிக்கொடுப்பார்கள். சமையலறை ஜன்னலில் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, அந்த வேலையையே கற்றுக்கொண்டாள்.

"அடுத்த மாசம் எனக்கு டெஸ்ட்டு பாய். பாஸ் பண்ணா நானும் அங்க டீச்சர். இது அவங்க கழிச்சுப் போட்டது. இதை வெச்சுதான் டெஸ்ட்டுக்குப் போகணும், புதுசு வாங்கறதெல்லாம் நமக்கு ஆவாது. ஆனா இது இடது பக்கமாவே இழுக்குது. ஒரு தரம் படகு கட்டியிருக்கற எடத்துக்கே இழுத்துட்டுப் போயிடுச்சு."

சொல்லிக்கொண்டே தோளைத் தடவினாள். சட்டைக் கழுத்தோரம் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது.

"துணி செத்துப்போச்சுன்னு அங்க சொல்றாங்க. நீங்க பாத்துச் சொல்லுங்க. இத நம்பி நான் கடல்ல எறங்கலாமா?"

"என்கிட்ட ஏன்மா கேக்கற? நான் கடலையே ரெண்டு தரம்தான் பாத்திருப்பேன்."

"எங்க அக்கா கல்யாணத்துக்கு உங்க ஷாமியானாதான் பாய். அன்னிக்கு அடிச்ச காத்துல பக்கத்து வீட்டு ஓலையெல்லாம் பறந்துச்சு. உங்க துணி அசையல."

இப்படிச் சொன்னால் யாருக்குத்தான் மறுக்க மனம் வரும்? ஆடியில் கல்யாணம் கிடையாது, வேலையும் கம்மி. எப்படி இருந்தாலும் துணிதானே என்று ஒத்துக்கொண்டேன்.

2. மொட்டை மாடியில்

மறுநாள் மொட்டை மாடியில் அதை விரித்தோம். பிறை போல வளைந்த துணி. முன் ஓரம் முழுவதும் திண்டு மாதிரி ஒரு குழாய். அதற்குள் ரப்பர் பை இருக்கிறது. பம்பு வைத்து அடித்தால் குழாய் விறைத்துக்கொண்டு துணிக்கு எலும்பாக நிற்கும். உங்கள் அம்மா துணி காயப்போட வந்து, இடமில்லாமல் பக்கெட்டோடு நின்றாள்.

நான் எனக்குத் தெரிந்த சோதனைகளை ஆரம்பித்தேன். துணியை வெயிலுக்கு எதிரே பிடித்து ஓட்டை தேடினேன். தையலை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். நூல் பொடியவில்லை. பிறகு துணியில் வாய் வைத்து ஊதினேன். மூச்சு அந்தப் பக்கம் போகவே இல்லை.

"இதான்மா குத்தம். காத்து போவல," என்றேன்.

செல்வி என்னையே பார்த்தாள். "பாய், காத்து போச்சுன்னாதான் குத்தம்."

நம் தொழிலில் அப்படியில்லை. ஷாமியானா காற்றைப் பிடித்துக்கொண்டால் கம்பைப் பிடுங்கிவிடும். அதனால் நடுவில் சந்து விட்டுத் தைப்போம், காற்று தன் வழியே போகட்டும் என்று. இவளுக்கோ காற்று துளிகூடப் போகக் கூடாது. அன்றிலிருந்து எனக்குத் தெரிந்த ஒவ்வொன்றையும் ஒரு தரம் தலைகீழாகத் திருப்பி யோசிக்க வேண்டியதாயிற்று. சில சமயம் திருப்பினேனா இல்லையா என்பதே மறந்துபோகும்.

ஓரத்தில் சின்னக் கிழிசல் இருந்தது. ஊசி எடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊசி வேணாம் பாய். குத்துற ஒவ்வொரு ஓட்டையும் கிழிசலுக்கு வழி."

தையற்காரனிடம் ஊசி வேண்டாம் என்றால் அவன் வேறு என்ன செய்வான்? ஒட்டுகிற துணி ஒன்றை அவளே வெட்டி, மூலைகளை உருட்டி ஒட்டினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்திக் கொடுத்தேன்.

அப்புறம் காற்றாடியைச் சட்டை மடிக்கிற மாதிரி நடுவில் மடித்து, இடது பாதியை வலது பாதிமேல் வைத்தேன். ஓரம் ஓரத்தோடு சரியாக உட்கார்ந்தது. ஒரு பக்கம் இழுபட்டிருந்தால் இங்கே தெரிந்திருக்கும். குழாயில் காற்றடித்துவிட்டு, மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்து தட்டிப் பார்த்தேன். காலையில் இருந்த விறைப்பு அப்படியே இருந்தது.

"துணி சாகலம்மா. நல்லா உசுரோட இருக்கு."

"அப்ப ஏன் பாய் இடது பக்கம் போகுது?"

தெரியவில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? பக்கெட்டோடு நின்ற உங்கள் அம்மாதான் வாயைத் திறந்தாள். "துணி நேரா இருந்தா, புடிக்கற கை கோணலா இருக்கும்."

செல்வி சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன்.

3. ஏரியில் வலது பக்கம் போனது

பறக்கவிடாமல் சொல்ல முடியாது என்று சமுத்திரம் ஏரிக்கு எடுத்துப் போனோம். ஏரி பெரும்பாலும் காய்ந்து, புல்லும் வெடிப்புமாகக் கிடந்தது. ஆடிக் காற்று நன்றாக அடித்தது. நமக்கு ஷாமியானா கட்டுகிற ஏழுமலையையும் உதவிக்குக் கூட்டிப்போனேன்.

இந்தக் காற்றாடிக்கு நான்கு நீளமான கயிறுகள். லைன் என்பார்கள். நடு லைன் இரண்டும் பாரம் தாங்கும். ஓர லைன் இரண்டும் திருப்பும். நான்கும் வந்து ஒரு கைப்பிடித் தடியில் சேரும். அதற்குப் பார் என்று பெயர். இடுப்பில் கட்டுகிற அகலமான வாரில் அந்தப் பாரை ஒரு கொக்கி கோத்து வைத்திருக்கும்.

செல்வி வாரைக் கட்டிக்கொண்டு தூரப் போய் நின்றாள். ஏழுமலை காற்றாடியைத் தூக்கிப் பிடித்தான். அவள் கை காட்டியதும் விட்டான். காற்றாடி எழும்பியது. எழும்பிய வேகத்தில் வலது பக்கமாகச் சாய்ந்து, ஒரு சுற்று சுற்றி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளுக்குப் பக்கத்தில் தலைகுப்புற விழுந்தது. ஆடுகள் நாலு பக்கமும் ஓடின. ஆட்டுக்காரம்மா எங்களைத் திட்டியதை இங்கே எழுத முடியாது.

செல்வி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எப்பவும் இடது போகும். இன்னிக்கு வலது போகுது. எனக்கு ஒண்ணுமே புரியல பாய்."

எனக்கு மட்டும் புரிந்ததா என்ன? மடித்துப் பார்த்து நல்ல துணி என்று சொன்னவன் நான். ஒரே துணி ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது என்றால் எதை நம்புவது?

ஏழுமலை மெதுவாக வந்தான். "நான் ஒண்ணும் பண்ல. காத்து வர்ற பக்கம் கயித்த கொஞ்சம் இறுக்கி முடி போட்டேன். அவ்ளோதான். வழக்கமா பண்றதுதான?"

ஷாமியானா கட்டுகிறவன் யாராயிருந்தாலும் அப்படித்தான் செய்வான். காற்று வருகிற பக்கம் இறுக்கு, போகிற பக்கம் தளர்த்து. அவனை யாரும் கேட்கவில்லை. கை தானாகவே செய்துவிட்டது.

"யோவ், உன்னை யாருய்யா இறுக்கச் சொன்னது?" என்று நான் எரிந்து விழுந்தேன். செல்வி கோபப்படவில்லை. எழுந்து வந்து கேட்டாள்.

"எவ்ளோண்ணா இறுக்குனீங்க? எந்த லைனு?"

"வலது ஓரம். இம்மாங்காட்டிதாம்மா," என்று விரலைக் காட்டினான்.

அவள் அந்த முடிச்சைத் தடவிப் பார்த்தாள். பிறகு, "ஒரு விரல் இறுக்குனதுக்கே வலது போகுதுன்னா, அது இடது போனதுக்கும் துணி காரணம் இல்ல பாய். லைனுதான்," என்றாள். "ஆனா நான் அளந்து பாத்தேனே. நாலும் சமமாதான் இருந்துச்சு."

முடிச்சை அவிழ்த்து, ஏழுமலையின் முளைக்கம்பி ஒன்றைத் தரையில் அடித்து, நான்கு லைனின் நுனியையும் அதில் மாட்டினோம். தொங்கலாக வைத்துப் பார்த்தால் நான்கும் சமம். செல்வி பின்னால் சாய்ந்து, உடம்பு பாரம் முழுவதும் கொடுத்து இழுத்தாள். வலது ஓர லைன் மட்டும் மற்றதைவிட அரை விரல் நீண்டது.

"போன சீசன்ல இது ஒண்ணு அறுந்துச்சு பாய். அதுக்குப் பதிலா புதுசு போட்டாங்க. இது இளகுது. வலது இளகுனா இடது இறுக்கம் ஆயிடும், அதான் அந்தப் பக்கம் போகுது."

"புதுக் கயிறு இளகத்தான செய்யும்?" என்றான் ஏழுமலை. "பந்தி முடிஞ்சா நாங்க ஒரு தரம் இறுக்குவோமே. இதுக்கா ரெண்டு நாளா ஓடறீங்க?"

4. விடு, விடாதே

செல்வி அந்த லைனைச் சற்றுச் சுருக்கிக் கட்டியதும் காற்றாடி எழும்பி நேராக நின்றது. வானத்தில் ஆணி அடித்து மாட்டியது போல நின்றது. வேலை முடிந்தது என்று நான் செருப்பைத் தேடினேன். அவளுக்கு வேலை இன்னும் முடியவில்லை.

"நீங்க புடிச்சுப் பாருங்க பாய்."

"நான் எதுக்கும்மா?"

"உங்க வார்த்தைய வெச்சுதான நான் எறங்கப் போறேன். புடிக்காம எப்டி சொல்லுவீங்க?"

காற்றாடியை இறக்கி, என் லுங்கிமேல் வாரைக் கட்டி, மறுபடி எழுப்பினாள். பின்னால் நின்று அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். பார் என் கைக்கு வந்தது. முதலில் சுகமாகத்தான் இருந்தது. வாழ்க்கை முழுக்கத் துணி அசையக் கூடாது என்று வேலை செய்தவன், துணி தன் இஷ்டத்துக்கு இழுப்பதை அன்றுதான் கையில் உணர்ந்தேன். திடீரென்று ஒரு பெருங்காற்று வந்தது. பாரை நெஞ்சோடு இழுத்துப் பிடித்தேன். நான் இழுக்க இழுக்க அது இன்னும் வேகமாக இழுத்தது. குதிகால் மண்ணை உழுதுகொண்டு போயிற்று.

"உட்றாத பாய், உட்றாத!" என்று ஏழுமலை கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

"உடுங்க பாய், கைய உடுங்க," என்றாள் செல்வி என் காதோரத்தில்.

காற்றில் கயிற்றை விடுகிறவன் நம் தொழிலில் மனிதனே இல்லை. விட்டால் கம்பு சாயும், கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலையில் விழும். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் இன்னும் கொஞ்ச தூரம் உழுதேன். பிறகு அவள் குரலுக்குத்தான் கை திறந்தது.

பார் மேலே நழுவியது. இழுப்பு சட்டென்று நின்றது. காற்றாடி பறந்து ஓடிவிடவில்லை, இடுப்புக் கொக்கி அதைப் பிடித்திருந்தது. வேகமெல்லாம் போய், மெல்ல இறங்கி, மாடு படுக்கிற மாதிரி புல்லில் படுத்துக்கொண்டது.

"கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன்.

"இல்ல பாய். நல்ல காத்தாடின்னா இப்டிதான். உட்டா அடங்கணும்."

சொல்லிவிட்டுத் தோளைத் தடவிக்கொண்டே நின்றாள். "அன்னிக்குப் படகுகிட்ட போனப்ப நான் உடல பாய். பயத்துல இழுத்துப் புடிச்சுட்டே இருந்தேன். இத யார்கிட்டயும் சொல்லல."

5. நான் சொன்ன பதில்

காற்றாடியை மடித்துப் பையில் வைக்கும்போது மறுபடியும் கேட்டாள். "எறங்கலாமா பாய்?"

"துணி நல்லாருக்கு. தையல் நல்லாருக்கு. ஓர லைன் ரெண்டையும் ஜோடியா மாத்திடு, ஒண்ணு பழசு ஒண்ணு புதுசு வேணாம். உட்டா அடங்குது, அத என் கையால பாத்தேன். கடலப் பத்தி எனக்குத் தெரியாது."

"அப்ப எறங்கலாமா?"

"நீ உடுவியா?"

அவள் பையின் ஜிப்பை மூடிவிட்டு நிமிர்ந்தாள்.

"உடுவேன் பாய்."

"அப்ப எறங்கு."

டெஸ்டில் பாஸ் செய்துவிட்டாள். போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். தண்ணீர்மேல் போய்க்கொண்டிருந்தவள் நடுவில் இரண்டு கையையும் விரித்துக் காட்டுகிறாள், காற்றாடி அடங்குகிறது. உங்கள் அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பிள்ளைகளா, இதில் நான் கற்றது இவ்வளவுதான். ஒரு பொருள் நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டால், அது எதற்கு என்று முதலில் கேளுங்கள். நீங்கள் எதைப் பார்த்தீர்களோ அதை மட்டும் சொல்லுங்கள். எப்போது பிடிக்க வேண்டும், எப்போது விட வேண்டும் என்று கேட்டால் எனக்கு இன்றும் குழப்பம்தான்.

போன வாரம் வேங்கிக்காலில் ஒரு கல்யாணம். பந்தி நடக்கும்போது காற்று கிளம்பியது. ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துத் தொங்கினோம்.

"பாய், உட்டா அடங்கும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சே. உடவா?" என்றான் ஏழுமலை.

"உட்டுப் பாரு. மாப்ள தலைலதான் அடங்கும்," என்றேன். காற்று ஓயும்வரை இருவரும் பிடித்துக்கொண்டே நின்றோம்.